இங்கிலாந்தில் அறை மோசடி: போலீசைத் தேடுவதற்கு முன் வங்கியைக் கூப்பிடுங்கள்

செப்டம்பர் சேர்க்கைக்கு இங்கிலாந்து கிளம்பும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்குப் பணம் அனுப்பும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். வாடகை அறை என்று சொல்லி எங்களிடம் பறித்த பணத்தில் ஒரு பகுதி திரும்பி வந்தது, மீதி வரவே இல்லை. இரண்டிலுமே போலீசுக்குப் பங்கில்லை. எந்த நாட்டுக் கணக்கிலிருந்து பணம் போனது என்பதுதான் வித்தியாசம்.

முகநூல் குழு ஒன்றில் விளம்பரம். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே அறை, கரண்ட், தண்ணீர், இன்டர்நெட் எல்லாம் வாடகையிலேயே அடக்கம். வீட்டுக்காரம்மா வேலை விஷயமாக வேறு நாட்டில் இருக்கிறாராம். வீடியோ வந்தது, பாஸ்போர்ட் படம் வந்தது, கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமும் வந்தது. டெபாசிட்டை ஊரிலிருந்தே அப்பா வங்கி மூலம் அனுப்பினார். நான் வந்திறங்கி இங்கே கணக்குத் தொடங்கியதும், சாவி தருவதற்கு முன் முதல் மாத வாடகை என்றார்கள். அதுவும் போனது. முகவரிக்குப் போய்ப் பார்த்தால் அங்கே ஒரு குடும்பம் பல வருஷமாகக் குடியிருக்கிறது. கதவைத் திறந்த பெரியவர் என் பெட்டியைப் பார்த்ததுமே தலையில் கைவைத்துக்கொண்டார். எனக்கு முன்பே வேறு பிள்ளைகளும் அங்கே வந்து நின்றிருக்கிறார்கள்.

நேராகக் காவல் நிலையத்துக்குப் போனேன். மரியாதைக்குக் குறைவில்லை. உட்காரச் சொன்னார்கள், பொறுமையாகக் கேட்டார்கள். நம் ஊரில் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கவே தெரிந்தவர் யாராவது வேண்டியிருக்கும். இங்கே அந்தப் பேச்சே இல்லை. ஆனால் வேலை அதோடு முடிந்தது. மோசடிப் புகார்களை நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு மையத்தில்தான் பதிய வேண்டும், ஆன்லைனிலோ போனிலோ பதியுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பதிந்தேன், குற்ற எண் ஒன்று கிடைத்தது. கொஞ்ச நாள் கழித்து, இப்போதைக்கு விசாரணைக்கு எடுத்துக்கொள்ளவில்லை என்று ஒரு கடிதம். இன்ஸ்பெக்டர் வருவார், கணக்கை முடக்குவார், ஆளைப் பிடிப்பார் என்றெல்லாம் காத்திருந்தால் நாள்தான் போகும். அந்தக் குற்ற எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், வங்கியோடு பேசும்போது கைகொடுக்கும்.

பணம் மீளும் வழி வங்கிதான். 159 என்ற எண்ணை அழைத்தால் பெரும்பாலான பெரிய வங்கிகளுக்கு நேராக இணைப்பு கிடைக்கும். 2024 அக்டோபர் 7 முதல் இங்கே ஒரு விதி இருக்கிறது. ஏமாற்றப்பட்டு பிரிட்டன் கணக்கிலிருந்து இன்னொரு பிரிட்டன் கணக்குக்கு உடனடிப் பரிமாற்றமாக அனுப்பிய பணத்தை, 85,000 பவுண்டு வரை வங்கி திருப்பித் தர வேண்டும். பணம் போன 13 மாதத்துக்குள் கேட்க வேண்டும். சாதாரணமாக 5 வேலை நாளில் முடிவு சொல்வார்கள், கூடுதல் விவரம் தேவைப்பட்டால் 35 வேலை நாள் வரை இழுக்கலாம். 100 பவுண்டு வரை பிடித்துக்கொள்ளவும் வங்கிக்கு உரிமை உண்டு. எங்கள் முதல் மாத வாடகை இப்படித்தான் வந்தது.

அப்பா அனுப்பிய டெபாசிட்டோ வெளிநாட்டிலிருந்து வந்த பணம். இந்த விதி அதற்குப் பொருந்தாது. ஊரில் அப்பா 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் வங்கியையும் கூப்பிட்டுப் பார்த்தார். அதற்குள் இங்கிருந்த கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை. அதனால், அறையை நீங்களோ நம்பகமான சீனியரோ நேரில் பார்க்கும்வரை ஊரிலிருந்து ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். முதல் சில வாரங்களுக்குப் பல்கலைக்கழக விடுதி கூடுதல் விலையாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. இங்கிலாந்துச் சட்டப்படி அறையைப் பிடித்துவைக்க ஒரு வார வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. அதற்கு மேல் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

புகார் கொடுத்தால் விசாவுக்குச் சிக்கல் வருமோ என்று பயந்து பலர் வாயே திறப்பதில்லை. முறையான விசாவில் இருப்பவர் தான் ஏமாற்றப்பட்டதாகச் சொல்வதால் விசா போகாது. ஆங்கிலம் தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், அதற்குக் காசு வாங்க மாட்டார்கள்.

இதை விட மோசமானது பிறகு நடந்தது. போலீஸ் அதிகாரி என்று ஒருவர் போன் செய்தார். என் பெயர், போன தொகை எல்லாம் சரியாகச் சொன்னார். உங்கள் பணத்தைப் பிடித்துவிட்டோம், விடுவிக்க ஒரு கட்டணம் கட்டுங்கள், இல்லாவிட்டால் குடிவரவுத் துறைக்குத் தகவல் போகும் என்றார். நான் இணைப்பைத் துண்டித்து, நண்பனின் போனிலிருந்து, அவசரமில்லாத விஷயங்களுக்கான போலீஸ் எண்ணான 101-க்கு அழைத்துக் கேட்டேன். அப்படி ஓர் அதிகாரியே கிடையாது. ஒருமுறை ஏமாந்தவர்களின் விவரம் கைமாறி, அடுத்த கும்பலும் இப்படி வரும். இங்கே போலீஸ் போனில் பணம் கேட்காது, பின் நம்பர் கேட்காது, பணத்தைப் 'பாதுகாப்பான கணக்குக்கு' மாற்றவும் சொல்லாது. அப்படி அழைப்பு வந்தால் எண்ணையும் நேரத்தையும் குறித்து, பழைய குற்ற எண்ணோடு சேர்த்துப் பதியுங்கள்.