குறி தப்பாத அடி: பகடையை எடுத்துவிடலாமா, துரத்தவிடலாமா?

மகாபாரதத்தில் நாராயணாஸ்திரத்தை எதிர்த்து நின்றால் சாவு நிச்சயம். ஆயுதத்தைக் கீழே போட்டுத் தேரைவிட்டு இறங்கி நின்றாலோ, அது ஒன்றும் செய்யாது. இந்திரன் கர்ணனுக்குக் கொடுத்த சக்தி யார்மீது எறிந்தாலும் கொல்லும், ஆனால் ஒரே ஒருமுறைதான். அது கடோத்கசன்மேல் செலவானதால் அர்ச்சுனன் தப்பினான். நாகாஸ்திரம் தலைக்கு வந்தது, கண்ணன் தேரை அழுத்தியதும் முடியை மட்டும் கொண்டுபோயிற்று. தப்பவே முடியாது என்று பேர்வாங்கிய மூன்றிலும் ஒரு சந்து இருக்கிறது. கதைக்கு அந்தச் சந்து ஒருமுறை திறந்தால் போதும். தப்ப முடியாத அடி ஒன்றை விளையாட்டில் வைத்தால், அது ஆயிரம் முறை விழும். ஒவ்வொரு முறையும் ‘இதற்கு விலக்கு உண்டா?’ என்று யாராவது கேட்பார்கள், விதி எழுதியவர் பதில் சொல்லியாக வேண்டும்.

அவர் முன்னால் இருக்கும் வழிகள் நான்கு: படுமா என்று பகடை உருட்டாமல் நேராகக் காயம் கொடுப்பது, இலக்கைத் துரத்தும் ஏவுகணை, களம் முழுவதையும் மூடும் அலை, அழுத்திய கணமே படும் ஹிட்ஸ்கேன். எங்கள் விதித்தொகுப்புக்கு முதலாவதைத்தான் எடுத்தோம். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

ஹிட்ஸ்கேனைச் சீக்கிரம் முடித்துவிடலாம். விசையை அழுத்திய ஃபிரேமிலேயே (திரையில் ஓடும் ஒற்றைப் படத்திலேயே) ஒரு நேர்கோடு போட்டு, அதில் யார் இருக்கிறார் என்று பார்ப்பது அது. சுட்டபின் விலக நேரமில்லை, சரி. ஆனால் சுடுபவரின் குறி பிசகலாம். தப்ப முடியாதது என்பதைவிட, வேகமானது என்பதே பொருத்தம். ஆன்லைனில் இன்னொரு தொல்லை. நொடிக்கு 5 மீட்டர் ஓடுகிறவர், 100 மில்லிசெகண்ட் தாமதத்தில் அரை மீட்டர் நகர்ந்துவிடுகிறார். சுட்டவர் கண்டதை மதித்து சர்வர் காலத்தைப் பின்னால் சுழற்றினால், அடிபட்டவர் சுவருக்குப் பின்னால் போனபிறகு செத்து விழுவார்.

களம் மூடும் அலை எழுதச் சுலபம். கெடுவது ஒரே இடத்தில்: உருண்டு விலகும்போது கிடைக்கும் காயம்படாத ஃபிரேம்கள். உருளலில் அப்படி 12 ஃபிரேம் இருந்து, அலையின் தாக்கம் 3 ஃபிரேம்தான் நீடித்தால், நேரம் பார்த்து உருண்டவர் தப்பிவிடுவார். 20 ஃபிரேம் நீடித்தால் 13ஆவதில் மாட்டுவார். எது வேண்டும் என்று முதலிலேயே முடிவுசெய்யாமல் அலையைப் பார்வைக்கு அழகாக நீட்டிக் குறுக்கும்போதுதான், ‘சில நேரம் படுகிறது, சில நேரம் படவில்லை’ என்ற புகார் வருகிறது.

துரத்தும் ஏவுகணை வேறு ரகம். வருவது கண்ணுக்குத் தெரியும், ஓட வேண்டும் என்ற பதைப்பு வரும். பார்க்க அருமை, பராமரிக்கத் தலைவலி. நொடிக்கு 20 மீட்டர் வேகம், நொடிக்கு 90 டிகிரி திரும்பும் திறன் என்று வைத்தால் அதன் திரும்பும் வட்டத்தின் ஆரம் சுமார் 12.7 மீட்டர். இலக்கு அந்த வட்டத்துக்குள் நின்றுவிட்டால் ஏவுகணை அதைச் சுற்றிச் சுற்றி வரும், தொடவே தொடாது. கிட்டே வந்ததும் வெடிக்கட்டும் என்று ஒன்றரை மீட்டர் வெடிவட்டம் வைப்பதால் பயனில்லை. சுற்றுவது பன்னிரண்டு மீட்டருக்கு அப்பால் அல்லவா. இலக்கு 60 டிகிரிக்கு மேல் விலகியிருக்கும்போது வேகத்தைப் பாதியாக்கினால் ஆரமும் பாதியாகும். நேரம் ஆக ஆகத் திரும்பும் திறனைக் கூட்டுவது இன்னொரு வைத்தியம். எதைச் செய்தாலும் ஆயுளுக்கு ஒரு வரம்பு வேண்டும், இல்லையென்றால் சில ஏவுகணைகள் ஆட்டம் முடியும்வரை பறந்துகொண்டிருக்கும்.

வேகத்தைக் கூட்டினால் வேறொன்று கெடுகிறது. நொடிக்கு 40 மீட்டரில், நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் ஆட்டத்தில், ஒரு ஃபிரேமுக்கு 67 சென்டிமீட்டர் தாவுகிறது. இலக்கின் மோதல் உருவம் 50 சென்டிமீட்டர் அகலம் என்றால் அதைத் தாண்டியே போய்விடும். இப்போதைய இடத்தை மட்டும் பார்க்காமல், முந்தைய இடத்திலிருந்து இப்போதைய இடம்வரை உள்ள பாதை முழுவதையும் சோதிக்க வேண்டும்.

இவையெல்லாம் தீர்ந்தபிறகும் ஒரு கேள்வி மிஞ்சும்: இலக்கு மறைந்துவிட்டால்? டோட்டா 2 என்ற ஆன்லைன் சண்டை ஆட்டத்தில், ஏவப்பட்டது நெருங்கும் நேரத்தில் பிளிங்க் செய்தோ (சட்டென வேறிடம் தாவியோ) கண்ணுக்கு மறைந்தோ அதன் பிடியை அறுத்துவிடலாம். அதை ஒரு திறமையாகவே அந்த ஆட்டம் வளர்த்துவிட்டது. 1996-ல் மரியோ கார்ட் 64 என்ற பந்தய ஆட்டத்தில் வந்த நீல ஓடு முதலிடத்தில் இருப்பவரைத் தேடிப் போவது. அதை உடைக்கும் சூப்பர் ஹார்ன் 2014-ல், மரியோ கார்ட் 8-ல்தான் வந்தது. துரத்துவதை எடுப்பவர்கள், கடைசியில் தப்பிக்கும் வழியையும் தாங்களே செய்துகொடுக்க வேண்டியிருக்கிறது.

பகடையில்லா அடிக்கு வருவோம். அளவுகோல், மேசையில் பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மேஜிக் மிசைல். ஐந்தாம் பதிப்பின்படி முதல்நிலை மந்திரம், 120 அடி தூரம், மூன்று அம்புகள், ஒவ்வொன்றும் ஒரு நான்முகப் பகடையும் 1-ம். குறைந்தது 6, கூடினால் 15, சராசரி 10.5. படுமா என்று உருட்டுவதில்லை. 2008-ல் வந்த நான்காம் பதிப்பு இதற்கும் படுமா என்று உருட்டச் சொன்னது. 2010-ல் திருத்தி, பழையபடி தானாகப் படும் என்று மாற்றினார்கள்.

இதை எவ்வளவு பலவீனமாக்குவது? சூத்திரம் எளிது: சாதாரண அடியின் காயத்தை அது படும் வாய்ப்பால் பெருக்கினால் வருவதற்குப் பக்கத்தில் வையுங்கள். போகிமான் ஆட்டங்களில் ஃபோகஸ் பிளாஸ்ட் என்ற அடிக்கு 120 பலம், 70 சதவீதம் துல்லியம், பெருக்கினால் 84. குறி தப்பாத ஆரா ஸ்பியருக்கு ஆறாம் தலைமுறையிலிருந்து 80. கணக்கில் கிட்டத்தட்ட சமம்தான். ஆனால் ஃபோகஸ் பிளாஸ்டை இரண்டு முறை விட்டால் இரண்டும் படுவதற்கு 49 சதவீதம்தான் வாய்ப்பு. ஆரா ஸ்பியர் வைத்திருப்பவர் அடுத்த இரண்டு சுற்றை இப்போதே திட்டமிடலாம். சராசரி அல்ல, அந்த நிச்சயமே சரக்கு.

முடிவைத் தீர்மானித்தது விதிவிலக்குகளின் பராமரிப்பு. பகடையில்லா அடிக்கு விலக்குகளை ஒரே பத்தியில் எழுதிவிடலாம்: கண்ணுக்குத் தெரியாத இலக்கைக் குறிக்க முடியாது, முழு மறைப்புக்குப் பின்னால் இருந்தால் முடியாது, பேர்சொல்லித் தடுக்கும் ஒரே ஒரு எதிர்வினை உண்டு. மேஜிக் மிசைலுக்கு அந்த எதிர்வினை ஷீல்டு மந்திரம். அது கவசத்துக்கு 5 கூட்டுவதோடு, இந்த அம்புகளின் காயத்தை அடியோடு நிறுத்துகிறது. அதுவும் முதல்நிலை மந்திரமே, ஆகவே இரு பக்கமும் செலவு சமம்.

கெடுவது எங்கே என்றால், ஒரு அடியைப் பல துண்டாக உடைக்கும் இடத்தில். 2014-ன் விதிப்படி எவொகேஷன் மந்திரவாதி (மேஜிக் மிசைல் போன்ற தாக்கும் மந்திரங்களில் தேர்ந்தவர்) பத்தாம் நிலையில் ஒரு காய உருட்டலோடு தன் அறிவுப் புள்ளியைச் சேர்க்கலாம். மூன்று அம்புக்கும் உருட்டல் ஒன்றுதான் என்று வாசித்தால், அறிவுப் புள்ளி 5 உள்ளவருக்கு அது மும்முறை சேரும்: 10.5 என்பது 25.5 ஆகிவிடும், அதுவும் முதல்நிலைச் செலவில். கவனக் குவிப்பும் அப்படித்தான்: நீடிக்கும் மந்திரத்தைப் பிடித்திருப்பவர் காயம்படும்போது ஒரு சோதனையில் தேற வேண்டும், இல்லையென்றால் மந்திரம் கலையும். அம்புக்கு ஒரு சோதனை என்று ஆடும் மேசையில், ஒவ்வொரு சோதனையிலும் 70 சதவீதம் தேறுபவர் மூன்றிலும் தேறுவது 34 சதவீதமே. அதே காயம் ஒரே அடியாக வந்திருந்தால் 70. தப்பாத அடி என்பதல்ல கோளாறு, தப்பாத அடி மூன்றாக எண்ணப்படுவதுதான். ‘எந்தக் கூட்டலும் வீச்சுக்கு ஒருமுறை மட்டும், ஒரே வீச்சின் காயமெல்லாம் ஒரே காயம்’ என்று இரண்டு வரி சேர்த்தால் இரண்டு ஓட்டையும் அடைபடும். துரத்தும் ஏவுகணைக்கு இப்படி இரண்டு வரி மருந்து கிடையாது. புதிதாக ஒரு தாவலோ, மறைவோ, ஒரு தூணோ ஆட்டத்தில் சேரும்போதெல்லாம் அதைத் திரும்ப எழுத வேண்டும்.

பகடையில்லா அடியும் தானாக நிற்காது. போகிமானின் முதல் தலைமுறையில் 100 சதவீதத் துல்லியமுள்ள அடிகூட 256-ல் ஒருமுறை தவறும். அந்தப் பிழை தொடாதது ஸ்விஃப்ட். மண்ணுக்குள் புகுந்தவரையும் வானத்தில் ஏறியவரையும்கூட அது அடித்தது. பின்னால் வந்த தலைமுறைகளில் அந்த உரிமை போய்விட்டது. சாதாரண வகை என்பதால் ஆவி வகைக்கு அது எப்படியும் படாது. ‘தவறாது’ என்ற சொல்லுக்கு ‘துல்லியச் சோதனை கிடையாது’ என்ற பொருள் மட்டுமே, ‘எதையும் மீறும்’ என்ற பொருள் இல்லை என்பதை விதியிலேயே எழுதிவையுங்கள். சண்டைகளில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

இதெல்லாம் முறைவைத்து ஆடும் ஆட்டங்களை மனத்தில் வைத்துச் சொன்னது. கைவேகத்தை நம்பும் ஆட்டத்தில் பகடையில்லா அடி சப்பென்று இருக்கக்கூடும். அங்கே துரத்துவதற்கு ஓட்டுப்போடுபவரோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். கதை எழுதுபவருக்கோ நான்கில் எதுவும் தேவையில்லை, எத்தனை முறை எறியலாம் என்ற எண்ணிக்கை போதும். பதினான்காம் நாள் இரவில் கர்ணன் சக்தியை எறிந்தது குறிபார்த்து அல்ல, சேனை அழிவதைப் பொறுக்காத கௌரவர்கள் வற்புறுத்தியதால்.