ட்ரீம்காஸ்டா, வீட்டாவா?

சந்தையில் தோற்றுப்போன கேம் கருவி ஒன்றுக்குக் கிளிநொச்சியில் மறுவாழ்வு கொடுக்க விரும்புவோர், தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் சேகாவின் ட்ரீம்காஸ்டையும், கையில் வைத்து விளையாடும் சோனியின் வீட்டாவையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும்.

ட்ரீம்காஸ்ட் 1998இல் ஜப்பானில் வெளியாகி, 2001இல் கைவிடப்பட்டது. அதன் கைப்பிடியில் செருகும் நினைவக அட்டைக்கே தனியாக ஒரு சிறு திரையும் பொத்தான்களும் உண்டு. அதைக் கழற்றியெடுத்துத் தனியே விளையாடலாம் என்ற அந்த ஏற்பாட்டை நான் இன்றும் நேசிக்கிறேன். ஆனால் வன்னியின் செம்மண் புழுதி, வட்டை வாசிக்கும் லென்ஸுக்குப் பகை என்பதால், வட்டு இயக்கியை அகற்றிவிட்டு, எஸ்டி அட்டையிலிருந்து விளையாட்டுகளை வாசிக்கும் பலகையைப் பொருத்துவதே நல்லது. ஜப்பானியப் பெட்டி 100 வோல்ட்டுக்கு உரியது. நமது 230 வோல்ட் மின்சாரத்தில் நேரடியாகச் செருகினால் கருகிவிடும், மின்மாற்றி கட்டாயம் வேண்டும்.

வீட்டாவுக்கு இத்தொல்லைகள் இல்லை. 2011இல் வந்த முதல் மாதிரியின் ஓலெட் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும்) திரை இன்றும் அழகு. மின்கலம் உள்ளேயே இருப்பதால் மின்வெட்டு இரவிலும் விளையாடலாம். சோனியின் விலையுயர்ந்த நினைவக அட்டைக்குப் பதிலாக, மென்பொருளை மாற்றி, மலிவான அடாப்டரில் மைக்ரோ எஸ்டி அட்டையைப் போடலாம்.

நாளாந்தப் பாவனைக்கு வீட்டாவே சிறந்தது. திருத்தவேலை பழக விரும்பும் பிள்ளைகளுக்கோ, நான்கு திருகாணிகளைக் கழற்றினாலே திறந்துகொள்ளும் ட்ரீம்காஸ்டையே கொடுப்பேன்.