மெத எலவின் கரையோடு ஒரு காலை: கண்டி நகர நடையும் உரையும்

கண்டி நகரின் மறுசீரமைப்பு குறித்து ஒரு நடைப்பயணமும் அதைத் தொடர்ந்து ஓர் உரையும் தமிழில் நடைபெறவிருப்பதாக அறிந்தபோது, விடயத்தைவிட அதன் மொழியே என்னை முதலில் ஈர்த்தது. வைத்தியசாலைக்கும் கச்சேரிக்கும் கடைத்தெருவுக்குமாக ஹட்டனிலிருந்தும் புசல்லாவையிலிருந்தும் வந்துபோகும் மலையகத் தமிழரான நம்மவர்கள் இந்நகரத்தைக் காலால் அளந்து அறிந்தவர்கள். ஆனால் அது எப்படி மாறவேண்டும் என்ற பேச்சு அவர்கள் காதுக்கு எட்டும் மொழியில் நடப்பது அரிது. ஓர் இளைஞர் குழு தன்னார்வமாக நடத்தும் இந்நிகழ்வில் கடந்த சனிக்கிழமை கலந்துகொண்டேன். கட்டணம் 500 ரூபாய். வரைபடமும் பிளேன்டீயும் அதில் அடங்கும். நாங்கள் இருபது பேரளவில் இருந்தோம்.

காலை ஏழு மணிக்குத் தலதா மாளிகைக்கு முன்னால் நடை தொடங்கியது. 1998 ஜனவரி 25 அன்று நடந்த குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு இவ்வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டதையும், அந்த நெரிசல் வாவியைச் சுற்றிய வீதிக்கு இடம்பெயர்ந்ததையும் வழிகாட்டி எடுத்துச் சொன்னார். ஒரு வீதியை மூடுவதால் ஓரிடத்தில் அமைதியும் மற்றோரிடத்தில் புகையும் எப்படிப் பிறக்கின்றன என்பதை, முதலில் இங்கும் பின்னர் அங்கும் சில நிமிடங்கள் பேசாமல் நிற்கவைத்தே அவர் உணர்த்தினார்.

அடுத்து, வாவியின் மேற்குக் கரையில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வயல்நிலத்தை மறித்துக் கட்டிய இவ்வாவி நிரம்பினால் தண்ணீர் எங்கே போகிறது? கண்டியிலேயே பிறந்து வளர்ந்த மூவர் எங்களிடையே இருந்தும் ஒருவராலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அது மெத எல என்னும் கால்வாயாக நகரத்தின் நடுவே ஓடி, கெட்டம்பே அருகில் மகாவலி ஆற்றுடன் கலக்கிறது. அக்கால்வாயை ஒட்டிய கடைகளின் பின்புறத்தைப் பார்த்த அரை மணி நேரத்துக்கே அந்த 500 ரூபாயைத் தாராளமாகக் கொடுக்கலாம். வீதியிலிருந்து பார்த்தால் கண்ணாடியும் பெயர்ப்பலகையுமாக மின்னும் கட்டடங்கள், கால்வாய்ப் பக்கம் பாசி படிந்த சுவராக நிற்கின்றன. ஒரே சுவரில் நான் 11 குழாய்களை எண்ணினேன். துருவேறிய இரும்புக் குழாய்க்குப் பக்கத்தில் நேற்றுப் பொருத்தியது போன்ற வெள்ளை பிளாஸ்டிக் குழாய், அதன் வாயிலிருந்து சவர்க்கார நுரை. நகரத்தால் இன்னும் எத்தனை மாடிகளைத் தாங்க முடியும் என்று கேட்பவர்கள், முதலில் இந்தச் சுவரின் முன் வந்து நிற்கவேண்டும்.

போகம்பறையில் அதிக நேரம் நிற்கவில்லை. ஒரு காலத்தில் குளமாயிருந்து தூர்க்கப்பட்ட இடம் அது என்பதையும், 1876இல் திறக்கப்பட்ட சிறைச்சாலை 2014இன் தொடக்கத்தில் பல்லேகலைக்கு மாற்றப்பட்டதையும் சொன்னார்கள். நகரத்தின் நடுவே இவ்வளவு பெரிய மதில்சூழ் நிலம் யாருக்குப் பயன்படவேண்டும் என்ற விவாதத்தைத் தொடங்கிவிட்டு, பாதியிலேயே எங்களை நகர்த்திச் சென்றது எனக்குக் குறையாகவே பட்டது.

அந்த நேரத்தையும் சேர்த்துக் குட்ஷெட் பஸ் நிலையப் பகுதிக்கு ஒதுக்கியிருந்தார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. பஸ்ஸையும் புகையிரதத்தையும் ஒன்றிணைக்கும் பன்முகப் போக்குவரத்து நிலையம் உலக வங்கியின் நிதியுதவியுடன் திட்டமிடப்பட்ட இடம் இது. குட்ஷெட், மணிக்கூட்டுக் கோபுரம், டொரிங்டன் எனப் பஸ்கள் வெவ்வேறு இடங்களிலிருந்து புறப்படுவதால், ஓரிடத்தில் இறங்கி இன்னோரிடத்தில் ஏறவேண்டியவர் நடந்தே தீரவேண்டியிருக்கிறது. வழிகாட்டி வரைபடத்தை விரித்து வைத்தியசாலைக்கான பாதையைக் காட்டியபோது, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்திருந்த அம்மா ஒருவர், கையிலிருந்த பையிலிருந்து தம் கிளினிக் கொப்பியை எடுத்து அந்த வரைபடத்தின்மேல் வைத்தார்.

"படத்துல இது ரெண்டு வெரல் தூரந்தான் தம்பி. எனக்கு அது ரெண்டு எடத்துல ஒக்காந்து போற தூரம். ஒக்கார எடம் எங்க போட்டிருக்கீங்க?"

வழிகாட்டி, "இன்னும் போடலீங்கம்மா, நீங்களே காட்டுங்க," என்று பேனையை அவரிடம் நீட்டினார். அவர் இரண்டு இடங்களில் வட்டம் போட்டார். அதன்பின் எல்லோரும் அவர் நடக்கும் வேகத்திலேயே நடந்தோம். படிகளையும், உடைந்த வடிகால் மூடிகளையும், நிழலற்ற திருப்பங்களையும் அப்போதுதான் கண்டோம்.

உரை கட்டுக்கலையில் ஒரு மண்டபத்தில் நடைபெற்றது. 'ஸ்மார்ட் குரோத்' எனப்படும் செறிவான நகர வளர்ச்சி, நகரங்கள் கட்டுப்பாடின்றிப் புறநிலங்களுக்குப் பரவியதற்கு எதிராக அமெரிக்காவில் 1990களில் வலுப்பெற்ற சிந்தனை என்பதையும், மேரிலாந்து மாநிலம் 1997இல் இயற்றிய சட்டத்தின் மூலம் அரசின் உட்கட்டமைப்பு நிதியை ஏற்கெனவே வளர்ந்த பகுதிகளுக்கும் வளர்ச்சிக்கெனக் குறிக்கப்பட்ட பகுதிகளுக்கும் குவித்ததையும் உரையாளர் தெளிவாக விளக்கினார். அங்கே காக்கவேண்டியது விளைநிலமென்றால், இங்கே காக்கவேண்டியது மலைச்சரிவு. பள்ளத்தாக்கில் இடம் இல்லாதபோது வீடுகள் சரிவில் ஏறுகின்றன. சரிவை வெட்டி, நீர் வடியும் வழியை மறித்துக் கட்டும்போது மழைநீர் மண்ணுக்குள் தேங்கி நிலம் நெகிழ்கிறது. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், மண்சரிவில் புதைந்ததை அவர் நினைவூட்டியபோது மண்டபம் அடங்கிப்போயிற்று. சரிவில் கட்டும் முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையைப் பெறுவது ஏன் அவசியம் என்பதை இதைவிட நன்றாக எவரும் விளக்கக் கேட்டதில்லை.

எனினும், "செறிவாக வாழப் பழகவேண்டும்" என்று அவர் சொன்ன இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. 10 அடிக்கு 12 அடி லய அறையில் மூன்று தலைமுறை படுத்தெழுந்த மக்களுக்குச் செறிவு என்பது புதிதாகப் பழகவேண்டிய ஒன்றன்று. அவர்கள் விட்டு வெளியேறத் துடிப்பதே அதைத்தான். 7 பேர்ச் அளவேயான சிறு காணியில் தனிவீடு என்பது அவர்களுக்கு நிலத்தை வீணாக்கும் ஆடம்பரமன்று, முதன்முறையாகக் கைக்கு வந்த உரிமை. கட்டடங்கள் நெருங்கியிருப்பது வேறு, ஓர் அறைக்குள் மனிதர்கள் நெருக்குண்டு கிடப்பது வேறு என்பதைப் பிரித்துச் சொல்லாத உரை மலையகத்தில் எடுபடாது. இதை எழுந்து கேட்டேன். உரையாளர் மறுக்காமல் ஏற்றுக்கொண்டார், ஆனால் அதற்குமேல் பேச நேரமில்லை. கேள்விகளுக்கென அறிவித்த 40 நிமிடங்களில் பத்தே நிமிடங்கள் மிஞ்சியிருந்தன. திரையில் காட்டியவற்றில் பாதி ஆங்கிலத்தில், பின்வரிசைக்குத் தெரியாத சிறிய எழுத்தில் இருந்தன. தமிழில் நடத்துவதாக அழைத்தவர்கள் இதைத் திருத்தியே ஆகவேண்டும்.

நடைக்காக மட்டும் என்றாலும் தயங்காமல் போகலாம். முடிந்தால் வீட்டில் வயதானவர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். மெத எலக் கரை ஈரத்தில் வழுக்கும் என்பதால் பிடிப்புள்ள செருப்பு வேண்டும், குடையும் வேண்டும். இடையில் கழிப்பறை வசதிக்கு ஏற்பாடு இல்லை. மூன்று மணி நேர நடையென்று முன்கூட்டியே சொல்லும் ஏற்பாட்டாளர்கள் அதையும் சொல்லியிருக்கலாம். அந்த அம்மா வட்டமிட்ட வரைபடத்தை மண்டபத்தின் வாசலில் ஒட்டியிருந்தார்கள்; நான் புறப்படும்போது அதில் வேறு கைகள் போட்ட ஐந்தாறு வட்டங்களும் சேர்ந்திருந்தன.