கரண்ட் இல்லாத நாளில் எடுத்த வைப்ரேஷன் ரீடிங்

டெல்டா பக்கம் ரைஸ் மில் வைத்திருப்பவர்கள், பாய்லர் ஓட்டுபவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். வைப்ரேஷன் பார்த்து மெஷினைக் காப்பாற்றித் தருகிறோம் என்று வருட ஒப்பந்தம் பேசிக்கொண்டு மில் மில்லாக ஏறி இறங்குகிறார்கள். அப்படி வந்த ஒரு கம்பெனியிடம் நான் ஏமாந்தேன். பெயரை இங்கே எழுதவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும்.

எங்கள் மில் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருக்கிறது, புழுங்கல் அரவை. உமியில் எரிகிற பாய்லர், அதன் புகையை இழுத்துச் சிம்னிக்குத் தள்ள ஒரு ஐ.டி. ஃபேன். 60 எச்.பி. மோட்டார், பெல்ட் டிரைவ், ஃபேன் ஷாப்ட் 1150 ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு 1150 சுற்று, ஷாப்டைத் தாங்க இரண்டு பிளம்மர் பிளாக் என்கிற பேரிங் பெட்டி, உள்ளே 22216 நம்பர் பேரிங். இந்த ஒரு ஃபேன் நின்றால் அடுப்பு வாய் வழியே புகை எதிர்த்து அடிக்கும், ஸ்டீம் போய்விடும், தொட்டியில் ஊறுகிற நெல் அப்படியே கிடக்கும். உமிச் சாம்பலில் முக்கால்வாசிக்கு மேல் சிலிக்கா. உப்புத்தாள் மாதிரி இறக்கையைத் தேய்க்கும், சில இடத்தில் அப்பிக்கொள்ளும், கொஞ்ச நாளில் பேலன்ஸ் போய்விடும். அந்தப் பயத்தில்தான் ஒப்பந்தமே போட்டேன்.

வருடத்துக்கு 72,000 ரூபாய், ஆறு மெஷின், மாதம் ஒரு தடவை. புரட்டாசியில் ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு மாதமும் ஒழுங்காகத்தான் பார்த்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். காந்தம் வைத்த சென்சாரை ஒவ்வொரு பேரிங்கிலும் ஒட்டி, படுக்கை, செங்குத்து, ஷாப்ட் நீளவாக்கு என்று மூன்று திசையிலும் எடுத்தார்கள், நான் பக்கத்திலேயே நின்றேன். இரண்டாவது மாதம் இம்பெல்லர், அதாவது இறக்கைச் சக்கரம் இருக்கும் பக்கத்துப் பேரிங்கில் 6.8 காட்டியது, அதாவது நொடிக்கு 6.8 மில்லிமீட்டர். ஐ.எஸ்.ஓ. 10816 என்கிற அதிர்வு அளவுகோல் கணக்கில் இந்த அளவு மெஷின் கெட்டியான ஃபவுண்டேஷனில் உட்கார்ந்திருந்தால் 2.8 வரை தாராளமாக ஓட்டலாம், 4.5 தாண்டினால் சேதத்துக்குப் போகிறது என்று அர்த்தம். இம்பெல்லரைக் கழற்றாமல் இங்கேயே பேலன்ஸ் செய்து தருகிறோம், அதற்கு 18,000 தனி என்றார்கள். சரி என்றேன்.

அவர்கள் வந்த அன்று நான் திருவாரூர் போயிருந்தேன். சாயங்காலம் திரும்பி வந்தால் வேலை முடிந்தது என்று ஒரு பேப்பர் மேஜையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டிருப்பது ஆபீஸில் பில் எழுதும் பையன். இரண்டு நாளில் ரிப்போர்ட் வந்தது. 6.8 இருந்த இடத்தில் 1.9, பச்சைக் கட்டம். பணத்தை அன்றைக்கே அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் 2.1, அதுவும் பச்சை.

பொங்கல் முடிந்து சம்பா நெல் வர ஆரம்பித்த நேரம். அப்பா காலத்திலிருந்து எங்கள் பாய்லரைப் பார்க்கும் அண்ணன் ஒருநாள் காலையில் வந்து, "தம்பி, ஃபேன் சத்தம் மாறிப்போச்சு. ராத்திரி கூர்ந்து கேட்டா மணல் அரைக்கிற மாதிரி கரகரங்குது" என்றார். நான் போனைத் திறந்து, "இதப் பாருங்கண்ணே, போன வாரந்தான் பாத்திருக்காங்க, எல்லாம் பச்சை" என்று காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மூன்றாம் நாள் மறுபடி வந்து என்னைக் கூட்டிப் போய், நீளமான ஸ்குரூ டிரைவரை பிளம்மர் பிளாக் மேல் ஊன்றி, கைப்பிடியில் காதை வைக்கச் சொன்னார். எனக்கும் கேட்டது. கேட்டும்கூட, சீசன் நடுவில் எப்படி நிறுத்துவது, ரிப்போர்ட்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். இன்றைக்கும் நெஞ்சில் முள்ளாகக் கிடப்பது அதுதான்.

மாசியில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு பேரிங் உடைந்தது. பேரிங் உருளைகளைப் பிடித்திருக்கும் கேஜ் நொறுங்கி, ஷாப்ட் வரிவரியாக வெட்டுப்பட்டு, இம்பெல்லர் வெளிக்கூடான கேசிங்கில் உரசி ஒரு இறக்கை மடங்கிவிட்டது. இரண்டு தொட்டியிலும் நெல் ஊறிக்கொண்டிருந்தது, 16 டன். தண்ணீரை வடித்துவிட்டு நின்றோம், வேறு என்ன செய்ய முடியும், வெந்நீரில் ஊறிய நெல், விடிவதற்குள் புளித்த வாடை எடுக்க ஆரம்பித்துவிட்டது. களத்தில் கொட்டிக் கிளறிக் காயவைத்து அரைத்துப் பார்த்தோம். கையில் அள்ளினால் மங்கிய நிறம், மூக்கருகே கொண்டுபோக முடியவில்லை. மாட்டுத் தீவனத்துக்குத்தான் போனது. ஷாப்ட் கும்பகோணத்தில் கடைந்தோம், பேரிங்கும் ஸ்லீவும் திருச்சியில் வாங்கினோம். மூன்று நாள் மில் நின்றது. எல்லாம் சேர்த்து நாலு லட்சத்துக்குக் குறையாது. அந்தக் கம்பெனியைக் கூப்பிட்டால், நீங்கள் கிரீஸ் சரியாக வைக்கவில்லை என்றார்கள்.

புது பேரிங் மாட்ட வந்தவர் திருச்சி பெல் நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உடைந்த பேரிங்கின் வெளி வளையத்தைத் துடைத்து என் கையில் கொடுத்தார். அடிப்பக்கம், சுமை உட்காருகிற இடத்தில் மட்டும் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக உதிர்ந்திருந்தது. இது ஒரு ராத்திரி கிரீஸ் குறைந்து வந்ததில்லை, வாரக்கணக்கில் வளர்ந்தது என்றார். அப்புறம் ரிப்போர்ட்களைக் கேட்டார்.

பேலன்ஸுக்குப் பிறகு வந்த கிராஃபில் சுற்று வேகத்தைக் காட்டும் உயர்ந்த முனை 49.3 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 49.3 சுற்றில் இருந்தது. அறுபதால் பெருக்கினால் நிமிடத்துக்கு 2958. எங்கள் ஃபேனுக்கு 19 சொச்சத்தில் வர வேண்டும். 2958 என்பது வேகமாகச் சுற்றும் ரகமான இரண்டு போல் மோட்டாரின் வேகம், யாரோ ஒருவர் ஆலையில் ஓடுகிற ஏதோ ஒரு பம்ப்பின் கிராஃப் அது! அடுத்த மாத ரிப்போர்ட்டிலும் அதே கிராஃப், மேலே எண்ணை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

தேதியைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. பேலன்ஸ் செய்து ரீடிங் எடுத்ததாகப் போட்டிருந்த நேரம் காலை 11.40. அன்று எங்கள் துணை மின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு, 9 மணியிலிருந்து 5 மணி வரை கரண்ட் கிடையாது. எங்கள் ஜெனரேட்டர் ஆபீஸ் லைட்டுக்கும் போர்வெல் பம்புக்கும் மட்டும்தான். பேலன்ஸ் செய்ய ஃபேனை ஓட்டிப் பார்க்க வேண்டும், நிறுத்திச் சோதனை எடை வைத்து மறுபடி ஓட்ட வேண்டும், கணக்குப் போட்டு சரியான எடையை வெல்டு வைத்த பிறகும் ஓட்டிப் பார்க்க வேண்டும். கரண்டே இல்லாமல் எதை ஓட்டினார்கள்? கேசிங் கதவைப் போய்ப் பார்த்தோம். இம்பெல்லரைத் தொட அதைத் திறந்தே ஆக வேண்டும். ஃபேன் உடைந்தபோது நாங்கள் கழற்றியது புல்லி பக்கம் இருந்த பெரிய மூடியை, இந்தக் கதவை யாரும் தொடவில்லை. போல்ட் தலையிலிருந்து தகடு வரை பழைய பெயிண்ட் ஒரே படலமாக, கீறல்கூட இல்லாமல் இருந்தது. உள்ளே இறக்கையில் ஒரு வெல்டு பொட்டுகூடப் புதிதாக இல்லை, சாம்பலைக்கூடச் சுரண்டவில்லை.

வைப்ரேஷன் பார்ப்பதே வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒழுங்காகப் பார்த்திருந்தால் என் 16 டன் நெல் பிழைத்திருக்கும். ரீடிங் எடுக்கும்போது நீங்களோ உங்கள் ஃபிட்டரோ கூடவே நில்லுங்கள், மீட்டர் திரையை அங்கேயே போனில் படம் பிடியுங்கள், கிராஃபில் உள்ள முனையை அறுபதால் பெருக்கி உங்கள் ஆர்.பி.எம். வருகிறதா என்று பாருங்கள். இன்னொன்று, பேரிங் கெட ஆரம்பிக்கும்போது மில்லிமீட்டர் கணக்கு பெரும்பாலும் ஏறாது, அதிக அதிர்வெண்ணில்தான் முதலில் தெரியும், அதற்கு என்வலப் ரீடிங் தனியாக எடுக்க வேண்டும். எங்கள் நாலு ரிப்போர்ட்டிலும் அது இல்லவே இல்லை, எனக்குக் கேட்கவும் தெரியவில்லை.

18,000-ஐயாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, தேதி தட்டச்சுப் பிழை என்று பதில் வந்திருக்கிறது. கிராஃபுக்குப் பதில் இல்லை. இப்போது பெல்காரர்தான் மாதம் ஒருமுறை வருகிறார், வந்ததும் முதலில் அண்ணனிடம் போய் எந்தப் பக்கம் சத்தம் என்று கேட்டுவிட்டுத்தான் மீட்டரை எடுக்கிறார்.

குறுவை நெல் வருவதற்குள் அந்தக் கம்பெனி உங்கள் மில்லுக்கும் வரலாம். நாலு ரிப்போர்ட்டும் அந்த வளையமும் என் மேஜையில் இருக்கின்றன, பார்க்க வேண்டும் என்றால் நேரில் வாருங்கள், காட்டுகிறேன்.