எடை குறைந்தாயிற்று, இனி தராசையும் கலோரி ஆப்பையும் என்ன செய்வது?

எடையைக் குறைத்து முடித்தவர் வீட்டில் மூன்று சாமான்கள் மிஞ்சும். அடுக்களையில் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு, போனில் ஒரு கலோரி ஆப், கட்டிலுக்கு அடியில் ஆள் எடை பார்க்கும் மெஷின். இலக்கைத் தொட்ட பிறகு எதை வைத்துக்கொள்வது, எதற்கு இனியும் சந்தா கட்டுவது என்பதுதான் இங்கே கேள்வி. குமரி மாவட்டத்துச் சாப்பாட்டை வைத்தே பார்க்கிறோம். வேறு ஊர் தட்டுக்கு ஓரளவு ஒத்துவரும் கணக்கு, இங்கே தேங்காய் உடைத்த இடத்திலேயே தப்பிவிடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆப்பை நிறுத்தலாம். தராசை இரண்டே பொருளுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஆள் எடை மெஷினை மட்டும் விடக் கூடாது.

தராசு

எஸ்எப்-400 என்று அட்டையில் அச்சிட்டு, பல பெயர்களில் வரும் அந்த வெள்ளைத் தராசுதான் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. 1 கிராம் வரை காட்டும், இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும், பெரும்பாலும் 500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். இதற்கு மேல் செலவு செய்யத் தேவையில்லை. போனோடு ப்ளூடூத்தில் பேசும் தராசு வீண்.

வாங்கியதும் சோதித்துவிடுங்கள். பத்து ரூபாய் நாணயம் ஒன்று 7.71 கிராம். பத்து நாணயத்தை அடுக்கினால் 77 காட்ட வேண்டும். ஒன்றிரண்டு கிராம் முன்னேபின்னே இருந்தால் அடுக்களைக்குப் போதும். அடுத்து, காலி பாட்டிலை வைத்து டேர் (காட்டும் எண்ணைப் பூஜ்யமாக்கும் பொத்தான்) அழுத்திவிட்டு அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். 500-ஐ ஒட்டி நிற்க வேண்டும். சின்ன எடையில் சரியாக இருந்து பெரிய எடையில் பிசகினால், கடையிலேயே மாற்றிக்கொள்வது நல்லது.

இந்த வகைத் தராசின் பெரிய குறை எண்ணெயில்தான் தெரியும். சட்டியைத் தட்டில் வைத்து எண்ணெயை நூல் போல ஊற்றினால், அந்த மெல்லிய ஏற்றத்தைத் தராசு தன் தடுமாற்றம் என்று எடுத்துக்கொண்டு பூஜ்யத்திலேயே நிற்கும். 5 கிராம் போன பிறகும் 0 காட்டுவது இதனால்தான். மாற்று வழி எளிது. சட்டிக்குப் பதில் எண்ணெய்ப் பாட்டிலை வைத்து டேர் அழுத்துங்கள். பாட்டிலை எடுத்து ஊற்றிவிட்டு மறுபடி தட்டில் வையுங்கள். மைனஸ் 9 என்று காட்டினால் சட்டிக்குள் போனது 9 கிராம், அதாவது சுமார் 80 கலோரி. பாட்டில் கையில் இருக்கும்போது தராசு தூங்கிப்போனால் டேர் போய்விடும். அப்போது திரும்பவும் முதலிலிருந்துதான்.

யூனிட் பொத்தான் தெரியாமல் அழுந்தி மில்லியில் நின்றாலும் கணக்கு கெடும். அந்த மில்லி தண்ணீருக்கு உரியது. தேங்காய் எண்ணெய் 15 மில்லி என்பது 14 கிராமுக்குச் சற்றுக் குறைவு, கிட்டத்தட்ட 120 கலோரி. இன்னொன்று, அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை நேரே தட்டில் வைத்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் வளையும், உள்ளே எடை உணரும் பாகமும் சூட்டில் பிசகும். ஒரு பலகையை வைத்து டேர் அழுத்தி, அதன் மேல் சட்டியை வையுங்கள்.

தேங்காய், இங்கேதான் எல்லாம்

துருவிய பச்சைத் தேங்காய் 100 கிராமுக்கு ஏறக்குறைய 354 கலோரி. இந்த எண்ணில் குழப்பமில்லை. குழப்பம் ‘ஒரு முறி’, அதாவது உடைத்த தேங்காயில் ஒரு பாதி, என்ற அளவில்தான். சின்னக் காயில் ஒரு முறி 100 கிராம் தேறும், நல்ல பெரிய காயில் 200 கிராமை எட்டும். அதே மீன்குழம்பு, அதே கை, அதே ஒரு முறி, ஆனால் சட்டிக்குள் 350 கலோரி வித்தியாசம். நாலு பேர் சாப்பிடும் வீட்டில் ஆளுக்கு 90 வரை வந்துவிடும்.

அந்த 90 சின்ன எண் இல்லை. ஓய்வில் உடம்பு செலவழிக்கும் கலோரிக்கு 1990-இல் வந்த மிஃப்லின் சூத்திரத்தில் ஒரு கிலோ எடைக்கு 10 கலோரி என்று வரும். 40 வயது, 158 செ.மீ. உயரம் உள்ள பெண் 72 கிலோவில் இருந்து 62-க்கு இறங்கினால், அந்தச் செலவு 1,346-இலிருந்து 1,246-ஆகக் குறையும். பாடுபட்டு பத்து கிலோ குறைத்ததற்கு உடம்பு நாளொன்றுக்கு மிச்சம் பிடிப்பது 100 கலோரி. தேங்காய் பெரிதா சிறிதா என்பதில் போவதும் கிட்டத்தட்ட அதேதான். பழைய எடையில் தெரியாமல் கரைந்துபோன முறித் தேங்காய் புதிய எடையில் கரையாது. பழையபடி ஏறிவிட்டது என்று புலம்பும் பலரும் சோற்றைத்தான் குறைசொல்வார்கள், துவையலைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஒரு தொவரனை (தேங்காய் போட்ட பொரியல்) கணக்கிட்டுப் பார்க்கலாம். பயத்தங்காய் 300 கிராம், 140 கலோரி. துருவல் 80 கிராம், 283. எண்ணெய் 10 கிராம், 90. உள்ளி, சீரகம், பச்சைமிளகாயை விட்டுவிடலாம். மொத்தம் 510-க்குச் சற்று மேல். இறக்கும்போது தொவரன் 400 கிராம் இருந்தால், 100 கிராமுக்கு 130 கலோரி. துருவலை 40 ஆக்கினால் சட்டியில் 140 கலோரி குறையும். ருசி அவ்வளவு குறையாது. அவியலில் இதைச் செய்தால் வீட்டில் சண்டை வரும். அவியலை அவியலாகவே வைத்துவிட்டு, அளவைக் கரண்டியில் குறைப்பதே நல்லது.

பாத்திரத்தின் எடையைக் கழிக்க, காலிச் சட்டிகளின் எடையை அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவைப்பது வழக்கம். அலுமினியம், ஸ்டீலுக்கு இது சரி. மீன்குழம்பு வைக்கும் மண்சட்டிக்கு ஆகாது. மண் ஈரத்தைக் குடிக்கும். கழுவிக் கவிழ்த்த காலையில் ஒரு எடை, இரண்டு நாள் வெயிலில் காய்ந்த பிறகு இன்னொரு எடை. மண்சட்டியை அன்றன்றைக்கு, எண்ணெய் விடுவதற்கு முன் ஒரு தடவை நிறுத்துக்கொள்ள வேண்டும்.

சோறு, கிழங்கு

அரிசியில் நடக்கும் தப்பு ஒன்றே ஒன்று. வெந்த சோற்றை நிறுத்து, ஆப்பில் வேகாத அரிசிக் கணக்கில் போடுவது. வேகாத அரிசி 100 கிராமுக்கு 350 கலோரியை ஒட்டி வரும். வடித்த சோறு அதே எடைக்கு 130-ஐச் சுற்றி. சம்பா அரிசி தண்ணீரை நன்றாக இழுக்கும், வேகும் பதத்துக்குத் தக்கபடி எடையும் மாறும். ஆகவே அரிசியாக நிறுப்பதே நம்பகமானது. 400 கிராம் அரிசி போட்டு நாலு பேர் சமமாகச் சாப்பிட்டால் ஆளுக்கு 350. கஞ்சிக்கும் அதே: 60 கிராம் அரிசி, 30 கிராம் சிறுபயறு சேர்ந்து 315 வரும். கூடவே 25 கிராம் தேங்காய்த் துவையல் என்றால் 400-ஐத் தாண்டும்.

மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) தோல் நீக்கி 100 கிராமுக்கு சுமார் 160. இரண்டு மாதம் நிறுத்துப் பழகியவருக்குக் கண்ணே அளவு சொல்லும். சோற்றுக்கும் கிழங்குக்கும் தராசு அதற்கு மேல் தேவையில்லை. தேங்காயும் எண்ணெயும் மட்டும் கண்ணுக்கு அடங்காதவை.

ஆப்

எடை குறைக்கும் மாதங்களில் ஆப் நன்றாக உழைக்கும். எது எவ்வளவு என்று கற்றுக்கொடுக்கும். கற்றுக்கொண்ட பிறகு அதன் குறைகள்தான் முன்னே நிற்கும். ‘டாப்பியோகா’ என்று தேடினால் நம் கிழங்குக்குப் பதில் காய்ந்த ஜவ்வரிசி மேலே வந்து நிற்கலாம். அது 100 கிராமுக்கு 358, கிழங்கைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ‘கசாவா’ என்று தேடுவது பாதுகாப்பு. சாளைக்கு (மத்தி மீன்) ‘சார்டின்’ என்று போட்டால் எண்ணெயில் ஊறிய டின் மீன் வரலாம். அதை விட்டாலும் சாளையின் கொழுப்பு பருவத்துக்குப் பருவம் பல மடங்கு மாறும். கொழுத்த சாளைக்கும் வற்றிய சாளைக்கும் ஒரே எண் போடும் ஆப்பில் 7 கலோரி, 8 கலோரி என்று துல்லியம் பார்ப்பதில் அர்த்தமில்லை. சில ஆப்கள் அளவை ‘கட்டோரி’ (வடநாட்டுக் கிண்ணம்) என்று கேட்கும். அந்தப் பெயரில் இங்கே எந்த வீட்டிலும் பாத்திரம் கிடையாது.

சரியான எண் வேண்டுமென்றால் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணை இருக்கிறது. 528 உணவுகள், பெரும்பாலும் சமைக்காத நிலையில். அதில் ஆற்றல் கிலோஜூலில் இருக்கும், 4.184-ஆல் வகுத்தால் கலோரி. அடிக்கடி சமைக்கும் இருபது பொருளை ஒரு தாளில் எழுதிக்கொண்டால் சந்தா தேவைப்படாது. பாக்கெட் பொருளுக்கு அட்டையிலேயே 100 கிராம் கணக்கு இருக்கிறது.

மார்த்தாண்டத்திலோ வடசேரியிலோ சாப்பிடும் புரோட்டாவை ஆப்பில் ஏற்றுவது வெறும் ஆறுதல். மாவின் எடையும் தெரியாது, எண்ணெயும் தெரியாது. அன்றைக்கு ‘வெளியே’ என்று ஒரு புள்ளி வைத்துவிட்டு வாரத்துக்கு எத்தனை புள்ளி என்று எண்ணினால் அதிகம் விளங்கும். ஏத்தங்காய் சிப்ஸுக்கு மட்டும் ஒரு எண்ணை மனதில் வையுங்கள்: 100 கிராமுக்கு 500-க்கு மேல். மட்டிப்பழத்தை எண்ணவே வேண்டாம், பழத்தால் யாரும் திரும்பப் பருப்பதில்லை.

ஆள் எடை மெஷின்

அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், 13.6 கிலோவாவது குறைத்து ஓராண்டாவது காத்தவர்களைச் சேர்க்கிறார்கள். அவர்களில் 75 சதவீதம் பேர் வாரம் ஒரு தடவையாவது எடை பார்க்கிறவர்கள். 2006-இல் வெளிவந்த ஒரு ஆய்வு இன்னும் நேரடியானது. தினமும் எடை பார்த்து, 3 பவுண்டுக்குள் (1.4 கிலோ) ஏறினால் பச்சை, அதற்கு மேல் மஞ்சள், 5 பவுண்டை (2.3 கிலோ) தொட்டால் சிவப்பு என்று பிரித்துக் கற்பித்தார்கள். நேரில் கூடிப் பயின்றவர்களில் 46 சதவீதம் பேர் 18 மாதத்தில் 2.3 கிலோவோ அதற்கு மேலோ ஏறினார்கள். கடிதத்தில் தகவல் மட்டும் பெற்றவர்களில் 72 சதவீதம்.

அதையே இங்கே இப்படிப் பயன்படுத்தலாம். காலையில் கழிப்பறை போய்விட்டு, காப்பிக்கு முன், ஒரே தரைக் கல்லில் மெஷினை வைத்து ஏறுங்கள். ஒரு நாள் எண்ணை விட்டுவிட்டு ஏழு நாள் சராசரியைப் பாருங்கள். கல்யாண வீட்டு விருந்துக்கு மறுநாள் ஒன்றரைக் கிலோ கூடுவது பெரும்பாலும் உப்பும் தண்ணீரும்தான், கொழுப்பில்லை. சராசரி இலக்கைவிட 1.4 கிலோவுக்குள் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். தாண்டினால் தேங்காயையும் எண்ணெயையும் இரண்டு வாரம் எழுதுங்கள். 2.3-ஐத் தொட்டால் அந்த இரண்டு வாரத்துக்கு ஆப்பைத் திரும்ப இறக்குங்கள், இலவசப் பகுதியே போதும்.

ஆப்பில் எழுதுவதை ஒரே நாளில் விட்டுவிடக் கூடாது. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை தினச் சாப்பாட்டில் 100 கலோரி கூட்டிக்கொண்டே போய், சராசரி நாலு வாரம் அசையாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு வாரத்தில் மூன்று நாள் மட்டும் எழுதுங்கள், அதில் ஞாயிறு கட்டாயம். அதுவும் இரண்டு மாதம் ஆடாமல் இருந்தால் எழுதுவதை விடலாம். கிறிஸ்துமஸை ஒட்டி அச்சப்பமும் முந்திரிக்கொத்தும் வீடுவீடாக வரும் வாரங்களில் எழுதுவதை விட்டுப் பார்க்கும் சோதனை வேண்டாம், ஜனவரி பத்துக்கு மேல் வையுங்கள்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கணக்கை மாற்றக் கூடாது. எடை குறைந்த உடம்பில் பழைய மருந்து அளவு சர்க்கரையை அளவுக்கு மேல் தாழ்த்திவிடலாம். எழுதாமல் சாப்பிட்டாலே குற்றவுணர்ச்சி வருகிறவர்கள் ஆப்பை இன்றைக்கே எடுத்துவிடலாம், மெஷினையும் மாதம் ஒரு தடவைக்கு மாற்றலாம்.

தராசைச் சும்மா வைக்கும் நாட்களில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக் காற்றில் பேட்டரி முனைகள் சீக்கிரம் பச்சை பூத்துவிடும். பூத்தால் எலுமிச்சைச் சாற்றில் நனைத்த பஞ்சால் துடைத்து, பிறகு ஈரத் துணியால் ஒற்றி, நன்றாக உலர்ந்த பின் புதுப் பேட்டரி போட்டால் பெரும்பாலும் மறுபடி ஓடும்.