அரங்கமா, பாம்பன் கரையா?

சொற்களின் பொருளை ஆராயும் சொற்பொருளியல் படிக்கும் இராமநாதபுரம் மாணவர் முதலில் எங்கே போக வேண்டும்? 1996 முதல் ஐரோப்பாவில் நடந்துவரும் ‘சின் உண்ட் பெடாய்டுங்’ (ஜெர்மனில் ‘பொருளும் சுட்டலும்’) என்னும் சொற்பொருளியல் மாநாட்டுக்கா, பாம்பன் கரையில் நான்கு பேர் கூடும் வாசிப்புக்கா?

மாநாட்டின் பலம் கண்டிப்பு. ஆய்வுச் சுருக்கம் தேறினால்தான் மேடை. ஓட்டை வாதம் அங்கே தப்பாது. விசாவும் விமானச் செலவும்தான் பெருந்தடை.

கரையிலோ எடுத்துக்காட்டுகள் கண்முன்னே நிற்கின்றன. அந்த மாநாட்டுக்குப் பெயர் தந்ததே ஜெர்மன் தத்துவ அறிஞர் ஃபிரேகேயின் 1892ஆம் ஆண்டுக் கட்டுரை. காலை விண்மீனும் மாலை விண்மீனும் ஒரே வெள்ளிக் கோள். ஆனால் இரண்டு பெயர்களும் அதை வெவ்வேறு விதமாகக் காட்டுகின்றன என்றார் அவர். விடிவெள்ளி பார்த்துப் படகு செலுத்தியவரிடம் இதைப் பேசிப் பாருங்கள். விவாதம் உடனே சூடுபிடிக்கும். மேல்காற்றை மீனவர் கச்சான் என்கிறார்கள். சங்கப் பாடல்கள் கோடை என்கின்றன. காற்று ஒன்று, பொருளும் ஒன்றா? எனக்கு இந்தக் கேள்வி பல இரவுகள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது.

ஆகவே முதல் ஆண்டு கரைக்கே என் வாக்கு. கச்சானைப் பற்றி இரண்டு பக்கம் திருத்தமாக எழுத முடிந்த பிறகு, அதையே மாநாட்டுக்கு அனுப்புங்கள்.