மண் வீடு: படைச்சுவரா, பச்சைக்கல்லா, இயந்திரக் கல்லா?

சொந்தக் கையால் மண் வீடு கட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்தச் சுவர் உறுதி என்றுதான். தமிழ்நாட்டில் அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: ஐப்பசி மழை இறங்குவதற்குள் எது காய்ந்து முடியும்?

படைச்சுவர் நம் பழைய முறை. மண்ணில் வைக்கோலை நறுக்கிப் போட்டு, தண்ணீர் விட்டு மிதித்து, அச்சில்லாமல் கையாலேயே படை படையாக வைப்பது. செலவு மிகக் குறைவு. மாடம், திண்ணை, வளைவு எல்லாம் நினைத்தபடி வரும். அழகில் இதை எதுவும் மிஞ்சாது. ஆனால் ஒரு படை இறுகிய பிறகுதான் அடுத்ததை வைக்கலாம். அவசரப்பட்டால் அடிப்பகுதி பிதுங்கிவிடும். ஒன்றரை அடி கனச் சுவர் உள்வரை காயப் பல மாதம் பிடிக்கும்.

என் ஓட்டு பச்சைக்கல்லுக்கு, அதாவது சூளைக்குப் போகாமல் வெயிலில் மட்டும் காய்ந்த கல்லுக்கு. மண்ணும் வைக்கோலும் அதேதான், ஒரு மர அச்சு மட்டும் கூடுதல். களிமண் காயும்போது சுருங்கும், வெடிக்கும். படைச்சுவரில் அந்த வெடிப்பு சுவரிலேயே விழும். பச்சைக்கல்லில் களத்திலேயே முடிந்துவிடும். வெடித்த கல்லை நனைத்து மறுபடி குழைத்துக்கொள்ளலாம். மாசியில் கல் அறுத்து, புரட்டிப் போட்டுக் காயவைத்து, சித்திரையில் சுவர் எழுப்பினால் மழைக்கு முன் கூரை ஏறிவிடும். விடுமுறை நாட்களில் மட்டும் வேலை செய்யும் குடும்பத்துக்கும் இது ஒத்துவரும்.

மாடி வேண்டும் என்றால் மட்டும் இயந்திரத்தில் அழுத்திய கல்லுக்குப் போங்கள். 1956 வாக்கில் கொலம்பியாவில் உருவான சின்வா ராம் என்ற கைநெம்பு இயந்திரம்தான் இதற்கு முன்னோடி. ஆரோவில்லில் இந்தக் கல்லால் கட்டிய கட்டடங்களை நேரில் பார்க்கலாம். சரளையும் மணலும் கலந்த செம்மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமென்ட் சேர்த்து அழுத்தி, நான்கு வாரம் ஈரம் காக்க வேண்டும். சுவர் மெல்லியதாக, நேர்த்தியாக வரும். ஆனால் இயந்திரமும் சிமென்ட்டும் காசு கேட்கும்.

எதைத் தேர்ந்தாலும் ஓதம் ஏறாதபடி தரைக்கு மேல் ஒன்றரை அடிக்காவது கல் அடித்தளம் வேண்டும். கூரை இரண்டடிக்குக் குறையாமல் வெளியே நீள வேண்டும். படைச்சுவருக்கும் பச்சைக்கல்லுக்கும் சிமென்ட் பூச்சு மட்டும் வேண்டவே வேண்டாம். பூச்சின் மயிரிழை வெடிப்பில் புகுந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளே நிற்கும். பூச்சு பார்க்க நன்றாக இருக்கும்போதே பின்னால் மண் இளகிவிடும். மண்பூச்சோ, கடுக்காய்த் தண்ணீர் சேர்த்த சுண்ணாம்புப் பூச்சோ அந்த ஈரத்தை வெளியே விடும்.

கரிசல் நிலத்துக்காரர்கள் அந்த மண்ணை அப்படியே எடுக்க வேண்டாம். நனைந்தால் உப்பி, காய்ந்தால் பிளக்கும். செம்மண் வண்டியில் வர வேண்டும், அல்லது மணல் தாராளமாகச் சேர வேண்டும். எவ்வளவு மணல் என்பதை உங்கள் மண்தான் சொல்லும்: வெவ்வேறு அளவில் கலந்து சில கற்களை அறுத்து, நன்றாகக் காய்ந்ததும் இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். உடையாத கலவையில் வீட்டைத் தொடங்குங்கள்.